காயத்தைச் சொன்னால் சாக்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தோற்ற டென்னிஸ் வீரர் காயத்தைப் பற்றி வாய் திறந்தாலே சாக்குச் சொல்கிறார் என்று முடிவு கட்டும் ரசிகர்கள், அதே காயத்தோடு அவர் வென்றால் வீரம் என்று கொண்டாடுகிறார்கள். 2023 ஆஸ்திரேலிய ஓபனைத் தொடைத் தசைக் கிழிசலோடு வென்ற ஜோகோவிச், 2025 அரையிறுதியில் ஸ்வெரெவிடம் முதல் செட்டை இழந்து விலகியபோது அரங்கிலேயே கூச்சலிட்டார்கள். பிறகு அவர் எம்.ஆர்.ஐ. படத்தை வெளியிட வேண்டியதாயிற்று. வென்றவரின் பெருமையைக் குறைக்காமல் பேச வேண்டும் என்பது சரிதான். ஆனால் செய்தியாளர் நேரடியாகக் கேட்கும்போது எதை மறைப்பது?

கைப்பந்து ஆடி முழங்கால் பிசகி, வர்ம ஆசான் தைலம் தடவிப் போட்ட துணிக்கட்டோடு மூன்று வாரம் திண்ணையில் கிடந்தவன் நான். அந்தக் கட்டைக் கண்ணால் பார்க்கும்வரை என் அணியினரே நம்பவில்லை.

ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.