மூன்று சிஸ்டங்களும் ஒரு மணிவிழா மலரும்

கோபிசெட்டிபாளையம்,
7.12.2025

அன்புள்ள மாப்பிள்ளை வேலுச்சாமிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முட்டி அறுவைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனம் லேசானது. தங்கச்சிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அவள் விடாப்பிடியாக நடக்க வைக்காவிட்டால் நீ கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டாய். இங்கே எல்லோரும் நலம். பாரியூர் கோயிலில் தீ மிதிக்கிற குண்டத்துக்கான நோட்டீஸ் வேலையும் தை முகூர்த்தப் பத்திரிகைகளும் சேர்ந்துகொண்டதால் என் அச்சு வேலைக் கடையில் இரவு பத்து மணிவரை விளக்கு எரிகிறது.

நீ எழுதிய நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் என் கடை சிஸ்டங்களைப் பற்றியது. விண்டோஸ் 10-க்குக் கதவைச் சாத்திவிட்டார்கள், மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச இயங்குதளமான லினக்ஸை நம்பித் தொழிலைக் கெடுத்துக்கொள்ளாதே, இலவசமாக வருவதற்கு என்ன மதிப்பு என்று கேட்டிருக்கிறாய். என் நன்மைக்குத்தான் சொல்கிறாய் என்று தெரியும். ஆனாலும் அந்தக் கடைசி வரி இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

நீ சொன்னதில் சரியானதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். உன் வரி ஆலோசனை அலுவலகத்துக்கு விண்டோஸை விட்டால் வழியில்லை. டேலி கணக்கு மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. மாதம் இருபதாம் தேதி மாலை, பார்ட்டி எதிரே உட்கார்ந்திருக்க, டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகி ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற நேரத்தில் புதிய சிஸ்டத்தைச் சோதித்துப் பார் என்று உன்னிடம் சொன்னால் அது பாவம். ஈரோட்டில் எந்தத் தெருவில் போய்க் கேட்டாலும் விண்டோஸைச் சரிசெய்ய ஓர் ஆள் கிடைப்பான் என்றாய். அதுவும் உண்மை.

பாதுகாப்பைப் பற்றி நீ எழுதியதும் நியாயம்தான். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. அன்று எந்த சிஸ்டமும் நின்றுபோகவில்லை, ஆனால் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியது நினைவிருக்கிறதா? அந்த ஓட்டைக்கு மார்ச் மாதமே மருந்து வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்ட சிஸ்டங்கள்தான் அடிபட்டன. ஆகவே ஆதரவு முடிந்த சிஸ்டத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கிற துணிச்சல் எனக்கு இல்லை. தனிப்பட்ட பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. உன் வீட்டில் இருக்கும் பழைய சிஸ்டத்துக்கு அதைப் போட்டுக்கொள்.

என் மனத்தாங்கல் வேறு. மூன்றில் ஒன்று, 2016-இல் கோவை காந்திபுரத்தில் பாகம் பாகமாக வாங்கி நானே கோத்த சிஸ்டம். இன்டெல் ஆறாம் தலைமுறைச் சில், எட்டு ஜிபி நினைவகம். இன்றுவரை ஒருநாள் மக்கர் செய்ததில்லை. விண்டோஸ் 11 போட முடியுமா என்று சோதித்தபோது தகுதியில்லை என்றது. எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டுமாம். சாவிகளைத் தனிச் சில்லில் பூட்டி வைத்தால் திருடுவது கடினம் என்ற காரணத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் நன்றாக ஓடுகிற பொருளை, வாங்கியவனைக் கேட்காமல், எங்கோ குறித்த ஒரு தேதி குப்பைக்கு அனுப்புகிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மாடு கட்டித் தண்ணீர் இறைத்த என் அப்பாருடைய கவலைத் தோட்டத்தில் மோட்டார் போட்ட பிறகும் பழைய இறைவைச் சாமான்களை எறிய மனமில்லாமல் வேறு வேலைக்கு வைத்துக்கொண்ட வீடு நம்முடையது. அந்தச் சிக்கனத்தில் வளர்ந்தவன் நான்.

அதனால் அந்த சிஸ்டத்தில் ஓர் எஸ்எஸ்டி சேமிப்பகம் மாட்டி, லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். 2029 வரை அதற்குப் புதுப்பிப்பு வரும். தட்டச்சு, மின்னஞ்சல், பில், புரூஃப் பார்ப்பது எல்லாம் இப்போது அதில்தான். எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி வேறொன்று. நாம் தட்டச்சு மாஸ்டரிடம் லோயர், ஹையர் தேர்வு எழுதப் பழகிய பழைய தமிழ்த் தட்டச்சு முறை அதில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக அப்படியே கிடைக்கிறது. விண்டோஸில் தமிழ் 99 விசைப்பலகை உடன் வருகிறது, தட்டச்சு முறைக்கோ வேறு மென்பொருள் தேடிப் போட வேண்டியிருந்தது. முப்பத்தைந்து வருடமாகப் பழகிய விரல்கள் யோசிக்காமல் ஓடுகின்றன.

இப்போது உன் கடைசி வரிக்கு வருகிறேன். இலவசத்துக்கு மதிப்பில்லை என்றாய். குண்டத்துக்கு எரிகரும்பு என்று விறகு கொண்டுவந்து போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறாய். ஒருவர் வண்டி நிறையக் கொண்டுவருவார், ஒரு கிழவி கக்கத்தில் இரண்டு கட்டை இடுக்கிக்கொண்டு வருவாள். குண்டம் யாருக்குச் சொந்தம் என்று யாரும் கேட்பதில்லை. லினக்ஸ் அப்படி எழுந்தது. 1991-இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் முதல் கட்டையைப் போட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இலேயே அறிவித்த குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் அதற்குக் கருவிகளையும், வாங்கிய நிரலைப் பிறருக்குத் தரும்போதும் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்ற உரிமத்தையும் தந்தது. இன்று அதில் நிரல் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கும் பொறியாளர்கள். இன்டெல் ஆள் அனுப்புகிறது, கூகுள் அனுப்புகிறது, மைக்ரோசாஃப்டே அனுப்புகிறது. உன் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் ஓடுவதும் அதே லினக்ஸின் கெர்னல் என்ற மையக் கருதான். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் ஐந்நூறு சூப்பர் கணினிகளில் வேறெதுவும் ஓடவில்லை. விலையில்லை என்பதை வைத்து இதை நீ குறைத்துப் பேசியது எனக்கு வருத்தம்.

வாளையாறைத் தாண்டினால் கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள். நம் பக்கமும் வாய்ப்பு வந்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, மத்திய அரசின் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. என் அக்கா மகன் அதை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் கொடுத்தால் வேறு என்ன நடக்கும்?

லினக்ஸில் நான் பட்ட பாட்டையும் மறைக்க மாட்டேன். கடையில் இருக்கும் சின்ன லேசர் பிரிண்டர், நம் ஊரில் கடைக்குக் கடை இருக்கிற அதே வகை, லினக்ஸைக் கண்டதும் ஊமையாகிவிட்டது. மூன்று இரவு உட்கார்ந்தும் நம்பி வேலை வாங்கும்படி ஆகவில்லை. கடைசியில் வேறு பிரிண்டர் வாங்கினேன். அதைவிடப் பெரிய சிக்கல் நிறம். கோரல் டிராவும் போட்டோஷாப்பும் லினக்ஸுக்கு இல்லை. அதில் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் பத்திரிகை வரைந்துவிடலாம், ஆனால் அது திரைக்கான மூன்று நிறக் கணக்கில் வேலை செய்கிறது. ஆஃப்செட் அச்சுக்கு நான்கு நிறம் பிரிய வேண்டும். மஞ்சள் பூச்சு ஓர் இழை கூடினாலும் கல்யாண வீட்டார் பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பக்கம் அமைக்கும் ஸ்கிரைபஸ் மென்பொருள் நான்கு நிறத்தில் பிடிஎஃப் தருகிறது, தமிழ் எழுத்தையும் 1.5 பதிப்புகளுக்குப் பிறகு ஒழுங்காகக் கோக்கிறது. என்றாலும் அதில் என் கை இன்னும் மெதுவாகத்தான் போகிறது. எனவே நிற வேலைக்காக ஒரே ஒரு விண்டோஸ் 11 சிஸ்டம் புதிதாக வாங்கிவிட்டேன். உன் பேச்சை மூன்றில் ஒரு பங்கு கேட்டிருக்கிறேன்.

பெங்களூரில் இருந்து உன் மருமகள் தீபாவளிக்கு வந்தபோது அவளுடைய ஆப்பிள் மேக் கணினியையும் பார்த்தேன். திரையில் தமிழ் எழுத்து அவ்வளவு அழகு. முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துரு அதில் பல ஆண்டுகளாக உடன் வருகிறது. உடலான கணினியையும் உயிரான இயங்குதளத்தையும் ஒரே கம்பெனி செய்வதால் இரண்டும் இசைந்து ஓடுகின்றன. ஆனால் அங்கேயும் தேதி அவர்கள் கையில்தான். இன்டெல் சில் உள்ள மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் டஹோ பதிப்பே கடைசி என்று இந்த ஆண்டு ஆப்பிள் அறிவித்துவிட்டது. நம் தொழிலுக்கு அந்த விலையும் ஒத்துவராது.

மூன்றாவது சிஸ்டம் விண்டோஸ் 7, உள்ளே பக்கம் அமைக்கும் பழைய பேஜ்மேக்கர். அதை இணையத்தில் இருந்து அறுத்துவிட்டேன், கேபிளே கிடையாது. அதை ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்டாயல்லவா? அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன், மாப்பிள்ளை.

நம் மாஸ்டர் ஐப்பசியில் காலமானபோது உன்னால் வர முடியவில்லை. காரியம் முடிந்ததும் அவர் பேரன் என்னிடம் வந்தான். 2003-இல் மாஸ்டரின் அறுபதாம் கல்யாணத்துக்கு நாம் போட்ட மணிவிழா மலரை மறுபதிப்பாகக் கொண்டுவர வேண்டும், தை மாதம் நினைவுக் கூட்டத்தில் கொடுக்க வேண்டும் என்றான். அவர்கள் வீட்டுப் பிரதியை யாரோ படிக்க வாங்கிப் போய்த் திருப்பவில்லை. என் பிரதியைச் செல் அரித்துவிட்டது. சிடி மட்டும் இருந்தது.

பழைய சிஸ்டத்தில் திறந்தேன், பக்கங்கள் வந்தன. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களுக்குக் கைப்பேசியில் அனுப்ப எழுத்தாகவும் வேண்டும் என்று பேரன் கேட்டான். நகலெடுத்து அனுப்பினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகப் போய்ச் சேர்ந்தது. லினக்ஸில் லிப்ரே ஆஃபிஸ் அந்த பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தே காட்டியது. அதிலும் அதே குப்பை. மருமகளின் மேக்கிலும் அதே. நாம் அன்று தட்டியதெல்லாம் கணினிக்குத் தெரிந்தவரையில் ஆங்கிலம். அதன்மேல் தமிழ் உருவத்தை எழுத்துரு போர்த்தியிருந்தது, அவ்வளவுதான். நீயும் நானும் எந்த சிஸ்டம் நல்லது என்று இத்தனை வருடமாகச் சண்டை போட்டோமே, நம் வேலையைச் சிறைப்படுத்தியது அந்த எழுத்துரு.

எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்ததும் 1991-இல்தான், லினக்ஸ் பிறந்த அதே ஆண்டு. 2010 ஜூனில் செம்மொழி மாநாட்டுக்குக் கோவை கொடிசியா அரங்குக்குப் போனோமே, அந்த மாதம்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டையும் தரமாக அறிவித்தது. அன்று கண்காட்சியில் துண்டுப் பிரசுரங்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் கடைக்கு வந்து பழைய எழுத்துருவிலேயே வேலையைத் தொடர்ந்தேன். அந்தப் பதினைந்து வருடத்து வேலையை நினைத்தால் இப்போது நெஞ்சு வலிக்கிறது.

எழுத்து மாற்றியில் போட்டு அறுபத்துநான்கு பக்கத்தையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்தேன். பழைய முறையில் கொம்பை முதலில் தட்டிப் பிறகு மெய்யைத் தட்டினோம். யூனிகோடில் மெய்தான் முதலில் நிற்கும். இந்த இடமாற்றத்தில் எழுத்து மாற்றி அங்கங்கே தடுமாறியது. ஔகாரத்தின் சிறகுக்கும் ளகரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் ‘கௌரவம்’ எல்லாம் ‘கெளரவம்’ ஆகிவிட்டது. பார்க்கும்போது ஒன்றுபோல இருக்கிறது, தேடினால் கிடைக்காது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருத்தினேன். மாஸ்டர் பின்னால் நின்று அளவுகோலால் மேசையைத் தட்டுவது போலவே இருந்தது.

பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். அங்கே ஒரு காலிக் கட்டம்தான் இருக்கிறது. உன் வெண்பா கடைசி இரவு வந்தது நினைவிருக்கிறதா? பக்கம் ஏற்கெனவே போய்விட்டதால் டிரேஸ் பேப்பரில் தனியாக எடுத்து, பிளேட் போடும் இடத்தில் கத்தரித்து ஒட்டினோம். ஆகையால் அது எந்தக் கோப்பிலும் இல்லை. நான்கு அடியும் உனக்கு நினைவிருந்தால் உன் கையெழுத்திலேயே எழுதி அனுப்பு. மறந்திருந்தால் தங்கச்சியைக் கேள். அச்சாவதற்கு முன்பே அவளிடம் படித்துக் காட்டியதாக அன்று சொன்னாய். ஜனவரி 5-க்குள் வந்தால் போதும், ஆறாம் தேதி பிளேட்டுக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
சுப்பிரமணியம்