செயலாளரின் ஆண்டறிக்கை – முன்னாள் படைவீரர் சங்கம், சேலம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், படைவீரர் குடும்பத்தினருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் டிசம்பர் 7 கொடிநாள் வசூலும் இவ்வாண்டும் குறைவின்றி நடந்தேறின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்; நான் நவம்பரில் நாம் சென்றுவந்த சென்னை நந்தம்பாக்கம் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தைப் பற்றியே கூற விரும்புகிறேன்.

சேலத்து உறுப்பினர்களும் மலையிலிருந்து இறங்கி வந்தவர்களும் ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு புறப்பட்டோம். மலையேறாத ரயிலுக்கு மலையின் பெயரா என்ற பழைய கேலி இம்முறையும் எழுந்தது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பராமரிக்க ஆளின்றிப் போகவிருந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளை ஒரே இடத்தில் சேர்ப்பதற்காக 1952இல் அமைக்கப்பட்ட இத்தோட்டத்தில் 850க்கும் மேற்பட்டோர் துயில்கின்றனர். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் கல்லில் ஏற்றத்தாழ்வு கிடையாது. முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் நினைவுச்சின்னமும் இங்கேயே உள்ளது. சேலம் பூ மார்க்கெட்டில் கட்டிய செவ்வந்தி வளையத்தைச் சிலுவைத் தூணின் அடியில் வைத்து வணங்கினோம்.

பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பாத தம் தாத்தாவின் பெயரை நம் உறுப்பினர் ஒருவர் கல் கல்லாகக் குனிந்து தேடியும் காணவில்லை. பர்மாவில் மாண்டு, கல்லறை இன்னதென்று அறியப்படாத சுமார் 27,000 பேரின் பெயர்கள், அவர்களுள் பெரும்பாலோர் இந்தியப் படையினர், யாங்கோன் அருகே தௌக்யான் தோட்டத்து நினைவுத் தூண்களில் உள்ளன. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அவ்வாறு மறைந்தவர்களின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி போர்வீரர் தோட்டத்தில் உள்ளன. ஆகவே நந்தம்பாக்கத்தில் மாலை வைத்ததோடு நம் மாவட்டத்தாருக்குரிய கடமை தீர்ந்ததாக நான் கருதவில்லை.

இத்தோட்டங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயர், படைப்பிரிவு, படை எண், இறந்த நாள் ஆகியவற்றோடு, சிலருக்குத் தந்தை பெயரும் ஊரும்கூடக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியவர் அவரவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், படை எண் இருந்தால்தான் தேடல் எளிதாகும். முதல் உலகப் போர்ப் பதக்கமாயின் அதன் விளிம்பிலேயே எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். துலக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்த்துவிட வேண்டாம்.

பழைய ஓய்வூதியத் தாள், பதக்கம், கடிதம் எது வீட்டில் இருந்தாலும் அடுத்த மாதக் கூட்டத்திற்கு எடுத்துவருமாறு கேட்டுக்கொள்வதோடு, போருக்குப் போய்த் திரும்பாத நம் மாவட்டத்தாரின் பெயர்களைத் திரட்ட மூவர் கொண்ட குழுவை அமைக்கும் தீர்மானத்தைப் பேரவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்