அந்தத் துண்டைப் பார்மலினில் போடாதீர்கள்

கடலூர் மாவட்ட மருத்துவ அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் அம்மாவின் ஈறிலிருந்து சதை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பினார்கள். இப்போது மறுபடியும் எடுக்க வேண்டுமாம். எடுத்ததை முழுவதும் பார்மலினில், அதாவது சதையைப் பதப்படுத்தும் ரசாயனத்தில், போட்டுவிட்டார்கள். மியூகஸ் மெம்பரேன் பெம்பிகாய்டு என்ற கொப்புள நோய் என்று சந்தேகம் வந்தால், சதையில் படிந்த எதிர்ப்புப் பொருள்களை ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனை பார்க்க வேண்டும், அதற்குப் பார்மலினில் ஊறிய துண்டு உதவாது என்பது நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

முதுநகரில் பிறந்தவர் அம்மா. மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. இப்போது ஆறிய கஞ்சி மட்டும்தான், அதிலும் உப்பு பட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். கொப்புளம் உடைந்து ஈறு உரிந்து கிடக்கிறது. பல் துலக்கித் துப்பும் ரத்தத்தை நாங்கள் பார்த்துவிடக் கூடாது என்று குழாயை முழுதாகத் திறந்துவிட்டுக்கொள்வார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வாய், கண் போன்ற இடங்களின் சவ்வைத் தாக்குவதால் வருவது இது, யாருக்கும் தொற்றாது. ஆனாலும் சொந்தக்காரர் வீட்டில் அவருக்குத் தனித் தட்டு. அந்த ஈறில்தான் இன்னொரு முறை கத்தி வைக்க வேண்டும்.

அரிய நோய், எல்லோருக்கும் தெரியாது என்கிறார்கள். சரி. ஆனால் மாதக்கணக்கில் ஆறாத வாய்ப்புண்ணுக்கு பி காம்ப்ளக்ஸ், சிவந்த கண்ணுக்கு 'மெட்ராஸ் ஐ' சொட்டு மருந்து என்று எத்தனை நாள் ஓட்டுவது? கண்ணில் தழும்பு விழுந்து இமை ஒட்டிக்கொண்டால் பார்வையே போகலாம். தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோனைத்தான் இதற்கும் பலருக்குக் கொடுக்கிறார்கள். மாத்திரை நம்மிடம் காலங்காலமாக இருக்கிறது, நோயின் பெயர்தான் வந்து சேரவில்லை. மருத்துவ முகாமுக்கு அடிக்கும் பிளெக்ஸ் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது!

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது பெரிய செலவில்லை. இந்தச் சந்தேகம் உள்ளவர்களிடம் பயாப்சி எடுக்கும்போது, புண்ணை ஒட்டிய நல்ல சதையில் இன்னொரு துண்டு எடுக்கச் சொல்லுங்கள். அதைப் பார்மலினில் போட வேண்டாம். இந்தச் சோதனைக்குச் சதையைக் கெடாமல் வைக்கும் மிஷெல் திரவம் இல்லையென்றால் நார்மல் சலைனில் (உப்பு நீரில்) போட்டு 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்கலாம். ஆய்வகத்துக்குப் புதுச்சேரி போக பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான், சலைன் இல்லாத ஆஸ்பத்திரியும் கிடையாது. அப்புறம், வாயில் இந்த நோய் தெரிந்த அன்றே கண் மருத்துவரிடமும் அனுப்பச் சொல்லுங்கள்.

மாவட்டம் முழுவதற்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். தயவுசெய்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஒரு மகள்