குளிர்பெட்டியில் ஊர்ச் சோடாவுக்கும் ஒரு தட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெயில் ஏறத் தொடங்கியதும் நுங்கு, இளநீர், தர்ப்பூசணி, மோர் என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நல்ல விஷயம்தான். சோடாவைப் பற்றித்தான் யாரும் எழுதக் காணோம். சாத்தூரில் பெட்டிக்கடை நடத்துகிறவள் என்ற முறையில் அந்தக் குறையைப் போக்க நானே எழுதுகிறேன்.

சோடா என்று நான் சொல்வது எங்கள் பக்கத்துச் சிறு கம்பெனிகள் போடும் கோலி சோடா, பன்னீர் சோடா, ஜிஞ்சர், ஆரஞ்சுக் கலர் இவற்றைத்தான். பரோட்டா தின்றுவிட்டு வருகிறவர் ஜிஞ்சர் கேட்பார். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கலர் வாங்கிவரச் சொல்லி வீட்டுப் பிள்ளையை அனுப்புவார்கள். கட்சிக் கூட்டம் நடந்தால், பேச்சாளர் தொண்டையைச் செருமுவதற்குள் மேடைக்குச் சோடா போய்ச் சேர வேண்டும். ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு நடந்து போகிறவர்கள் என் கடை நிழலில் நின்று கேட்பது உப்பும் எலுமிச்சையும் போட்ட சோடா. கண்ணாடி டம்ளரில் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து, உப்பைப் போட்டு, சோடாவை ஊற்றியதும் நுரை விளிம்பு வரை பொங்கி எழும். அது அடங்கும் வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. மீசையில் நுரையோடு “இன்னொன்று” என்பார்கள். நன்னாரி சர்பத்தில் சோடா கலந்து கேட்பவர்கள் தனி ரகம். அவர்களுக்கு எலுமிச்சை கொஞ்சம் கூடுதலாகப் பிழிய வேண்டும்.

கோலி சோடா எப்படி உருவாகிறது என்பதை இன்றைய பிள்ளைகள் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். எனக்குச் சரக்குத் தரும் கம்பெனி ஒரு வீட்டின் முன்கூடத்தில் நடக்கிறது. கழுவிய பாட்டிலில் பாகும் குளிர்ந்த தண்ணீரும் ஊற்றி, இரும்புக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டுவார்கள். சிலிண்டரிலிருந்து கேஸ் ஏறும்போதே சக்கரத்தைச் சுற்றுவார்கள். கூண்டு தலைகீழாகும்போது கோலி உருண்டு கழுத்துக்கு வரும். உள்ளே இருக்கும் கேஸ் அதை ரப்பர் வளையத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மூடி தேவையில்லை. சக்கரம் சுற்றுகிறவர் கையுறை இல்லாமல் வேலைக்கு நிற்க மாட்டார், எப்போதாவது ஒரு பாட்டில் வெடிக்கத்தான் செய்யும். இந்தப் பாட்டிலுக்கு 1872-ல் காப்புரிமை பெற்றவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். அவர் நாட்டில் அது வழக்கொழிந்து போனது. ஜப்பானில் ராமுனே என்ற பானம் இன்றும் இதே கோலி பாட்டிலில்தான் விற்கிறது. நம் ஊரிலும் நிலைத்தது.

குடிப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். கட்டைவிரலாலோ மரக்கட்டையாலோ கோலியை உள்ளே தள்ளிய பிறகு, கழுத்தில் குழி இருக்கும் பக்கம் கீழே வரும்படி பாட்டிலைச் சாய்க்க வேண்டும். அப்போதுதான் கோலி அந்தக் குழியில் தங்கும். மாற்றிச் சாய்த்தால் அது உருண்டு வந்து வாயை அடைத்துக்கொள்ளும். முதன்முதலாகக் குடிக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதில் எனக்கு இருக்கும் மகிழ்ச்சி கொஞ்சநஞ்சம் அல்ல.

விருதுநகர் மாவட்டத்துக்கும் குளிர்பானத்துக்கும் பழைய உறவு உண்டு. விருதுநகரில் 1916-ல் பழனியப்ப நாடார் தொடங்கிய குளிர்பானக் கம்பெனிதான் காளிமார்க். கோல்ட் ஸ்பாட், லிம்கா, தம்ஸ் அப் மூன்றும் 1993-ல் கோககோலா கைக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகும் அந்தக் குடும்பத்தின் பவண்டோ தமிழ்நாட்டுக் கடைகளில் நின்றது, இன்றும் நிற்கிறது. திராட்சை மணமும் லேசான கார்ப்பும் கலந்த அந்த ருசி வேறெந்தப் பாட்டிலிலும் கிடையாது. 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அந்தக் கோடையில் கல்லூரிப் பிள்ளைகள் பலர் என் கடையில் முதன்முறையாகப் பன்னீர் சோடா குடித்தார்கள். வேகம் தணிந்ததும் பெரும்பாலோர் பழைய பாட்டிலுக்கே போய்விட்டார்கள். ருசி பிடித்துப்போன சிலர் இன்றும் வருகிறார்கள். அந்தச் சிலரை நம்பித்தான் நானும் எனக்குச் சரக்குத் தருகிறவரும் இருக்கிறோம். அதனால்தான் எதையும் புறக்கணிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. நான் கேட்பது இடம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆட்கள் கண்ணாடிக் கதவு வைத்த குளிர்பெட்டி ஒன்றைக் காசு வாங்காமல் என் கடையில் இறக்கினார்கள். மேல்தட்டு முதல் கீழ்த்தட்டு வரை அவர்கள் பாட்டில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஓரத்தில் நான் வைத்திருந்த பன்னீர் சோடாவை, சோதனைக்கு வந்தவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே தரையில் வைத்துவிட்டுப் போனார். மே மாத வெயிலில் தரையில் கிடந்த சோடாவை யார் வாங்குவார்? சூடேறிய சோடாவில் கேஸும் தங்காது, திறந்த மறுகணமே பறந்துவிடும். பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். தவணையில் பழைய பெட்டி ஒன்று வாங்கினேன். கரண்ட் பில் கூடத்தான் செய்கிறது. ஆனால் அதில் எதை வைப்பது என்று நான் முடிவு செய்கிறேன். கடைக்காரச் சகோதரர்களுக்கும் சகோதரிகளுக்கும் சொல்கிறேன்: இலவசப் பெட்டி வாங்கும்போது ஒரு தட்டையாவது நம் ஊர்ச் சரக்குக்கு விடச் சொல்லிக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் மறுப்பார்கள். ஒரு தெருவே சேர்ந்து கேட்டால் யோசிப்பார்கள்.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் இனிப்போ மணமோ சேர்க்காத வெறும் சோடாவுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. அதே தண்ணீரில் பன்னீரும் சர்க்கரையும் சேர்த்தால் 40 சதவீதம். நாடு முழுவதும் ஆலை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும், முன்கூடத்தில் சக்கரம் சுற்றும் பதிவு பெற்ற கம்பெனிக்கும் ஒரே விகிதம். சிறு தொழில்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டினால் போதும் என்ற காம்போசிஷன் திட்டத்திலிருந்தும் 2019 அக்டோபரில் சோடா கம்பெனிகளை விலக்கிவிட்டார்கள். சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றால் பாட்டிலில் எத்தனை கிராம் சர்க்கரை இருக்கிறது என்று பார்த்து வரி போடட்டும். கண்ணாடி பாட்டிலைத் திரும்ப வாங்கிக் கழுவி நிரப்பும் சிறு கம்பெனிக்குத் தனி விகிதம் கொடுக்கட்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைப் பேச வேண்டும்.

சுத்தம் பற்றிக் கேட்கிறவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லாத சரக்கை நான் இறக்குவதில்லை. கோலி பாட்டிலின் கழுத்து குறுகல், அழுக்கு தங்கும் இடம் அதுதான். பிரஷ் போட்டுக் கழுவுகிறார்களா, எந்தத் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று கம்பெனிக்கே போய்ப் பார்த்த பிறகுதான் வாங்கினேன். நீங்களும் போய்ப் பாருங்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் உள்ளே கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கோலி சோடாவைக் கடையில் நின்றே குடித்து, பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். சிலர் வீட்டு அலமாரியில் அழகுக்கு வைக்க எடுத்துப் போகிறார்கள். கம்பெனிக்காரருக்கு அந்தப் பாட்டில்தான் முதலீடு. உள்ளே இருக்கும் சரக்கைவிட அதற்கு விலை அதிகம்.

ஆசிரியர் அவர்களே, இந்தக் கோடை முடிவதற்குள் உங்கள் மாவட்ட நிருபர்களை அனுப்பி, இன்னும் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும் சோடா கம்பெனிகளைப் பற்றி ஊர் ஊராக எழுதச் செய்யுங்கள். எங்கே எந்தக் கலர் கிடைக்கும், என்ன ருசி, எந்தக் கடையில் குளிரக் குளிரத் தருவார்கள் என்று வாசகர்களும் எழுதட்டும். சாத்தூர்ப் பக்கம் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் ஜிஞ்சரைக் குடித்துப் பாருங்கள், பன்னீர் அப்புறம்.

இப்படிக்கு,
பெட்டிக்கடை நடத்தும் வாசகி,
சாத்தூர்.