செயலாளர் அறிக்கை, 2025–26

மதிப்புக்குரிய தலைவர் ஐயா அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் 26 அங்கத்தவர்களே,

எண்ணித்தான் சொல்கிறேன். நம் வின்னிபெக் சங்கத்தின் பட்டியலில் 63 குடும்பங்கள் உண்டு. யாப்பின்படி 21 பேர் இருந்தால் கூட்டம் செல்லும் என்பதால் தொடங்கலாம்.

சித்திரைப் புத்தாண்டு, கோடை ஒன்றுகூடல், வாணிவிழா, தைப்பொங்கல் நான்கும் வழமைபோல் நடந்தன. பொங்கலன்று மண்டபத்தின் புகைமணி அடித்ததற்குத் தண்டம் கட்டினோம். பிள்ளைகளின் பேச்சுப் போட்டியில் 11 பேர் பேசினார்கள்.

இனி, சிலர் முகம் சுளிக்கும் விடயத்துக்கு வருகிறேன். நவம்பரில் நான் ஒழுங்கு செய்த, பிளின் பிளொன் என்ற ஊரின் ஐஸ் ஹொக்கி அணியைப் பற்றிய 'பிளின் பிளொன் பொம்பர்ஸ் வரலாற்று மாலை'. "தமிழ்ச் சங்கத்துக்கும் ஐஸ் ஹொக்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று செயற்குழுவில் மூன்று முறையும் வாட்ஸ்அப்பில் நள்ளிரவு ஒரு முறையும் கேட்டுவிட்டார்கள். பதில் பதிவேட்டில் இருக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு மே 28ஆம் திகதி காட்டுத்தீ நெருங்கியதால் பிளின் பிளொன் ஊர் முழுவதையும் வெளியேறச் சொன்னார்கள். ஏறக்குறைய 5,000 பேர். நம் மனிடோபா மாகாணத்தின் மேற்கு ஓரத்தில், சஸ்காச்சுவான் எல்லையில், இங்கிருந்து எட்டு ஒன்பது மணி நேர ஓட்டத்தில் உள்ள சுரங்க ஊர் அது. பாறைமேல் கட்டிய ஊர் என்பதால் கழிவுநீர்க் குழாயைக்கூடப் பல இடங்களில் தரைக்கு மேலே மரப்பெட்டிக்குள் விட்டிருக்கிறார்கள். அதன்மேல் சனம் நடந்து போகும். அந்தச் சனத்தில் பலர் வின்னிபெக் வந்து தங்கினார்கள். நாம் சோற்றுப் பார்சல் கொண்டுபோனோம். (அன்று வந்தவர்கள் ஆறு பேர். பெயர் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியும்.)

அங்கே ஒரு முதியவர், நல்ல வெயிலில், கருஞ்சிவப்பு நிறத்துப் பொம்பர்ஸ் ஜாக்கெட் போட்டபடி இருந்தார். வீட்டைவிட்டு வரும்போது எடுத்து வந்தது மருந்துப் பை, நாய், அந்த ஜாக்கெட். வீட்டுப் பத்திரம் மேசையிலேயே கிடக்கிறதாம். சாப்பிட்டு முடித்த தட்டில் இரண்டு கோழி எலும்பை எடுத்து வைத்து, "இது கிளார்க், இது லீச்" என்று அணியின் பழைய ஆட்டக்காரர் இருவரை நகர்த்திக் காட்டினார். அன்றிரவு வீட்டுக்கு வந்து நான் தேடத் தொடங்கியவன், நவம்பர் வரை நிறுத்தவில்லை.

பொம்பர்ஸ் 1927இல் தொடங்கிய அணி. 1957இல் கனடாவின் கனிஷ்ட அணிகளுக்கான மெமோரியல் கிண்ணத்தை வென்றார்கள். எதிரே நின்றது ஒட்டாவா அணி, மொன்றியலின் பெரிய கழகம் காசு போட்டு வளர்த்த பிள்ளைகள். தொடர் ஏழாவது ஆட்டம் வரை போய், ரெஜைனாவில் முடிந்தது. கிண்ணம் சுரங்க ஊருக்குப் போனது.

பிறகு 1960களின் கடைசி. பொபி கிளார்க் அந்த ஊர்ப் பிள்ளை, தகப்பன் சுரங்கத் தொழிலாளி. ரெஜி லீச் வின்னிபெக்குக்கு வடக்கே ரிவர்ட்டனில் வளர்ந்த ஒஜிப்வே இளைஞர். 1967–68 பருவத்தில் லீச் அடித்தது 87 கோல். அதே பருவத்தில் கிளார்க் எடுத்த புள்ளிகள் (அடித்த கோலும், கோலடிக்க உதவியதும் சேர்த்து) 168. பயிற்சியாளர் பாடி ஜினெல். 1969, 1970 இரண்டு ஆண்டும் மேற்குக் கனடா லீக்கின் சம்பியன் அவர்கள்தான்.

கிளார்க்குக்குச் சிறுவயதிலிருந்தே சீனி வருத்தம். இந்த மண்டபத்தில் அந்த வருத்தம் இல்லாதவர் கையுயர்த்தினால் எண்ணுவது சுலபம், ஆகவே இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இன்சுலின் போடும் பையன் என்.எச்.எல். என்ற பெரிய லீக்கில் தாக்குப்பிடிக்க மாட்டான் என்று கழகங்கள் தயங்கின. ஜினெல் அவரை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், விளையாடலாம் என்று வைத்தியர்களிடம் கடிதம் வாங்கினார். அப்படியும், அந்தக் கழகங்கள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் 1969 தெரிவில், முதல் சுற்றில் ஒருவரும் எடுக்கவில்லை. 17ஆவதாக பிலடெல்பியா எடுத்தது. ஆட்ட இடைவேளையில் சீனி கரைத்த தோடம்பழச் சாறு குடித்துக்கொண்டே விளையாடினார். 1974இலும் 1975இலும் அந்த லீக்கின் ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கிய அணித்தலைவர் அவர். இரண்டாவது முறை பக்கத்தில் லீச்சும் நின்றார்.

சரி, இதெல்லாம் எல்லோரும் எழுதுகிற கதை. என்னைப் பிடித்தது பிறகு நடந்தது. 1978இல் மேற்குக் கனடா லீக்கில் பொம்பர்ஸுக்கு இருந்த இடம் எட்மன்டனுக்குப் போய்விட்டது. ஊரார் கழகத்தை மூடவில்லை. அதே பெயரில், அதே விட்னி ஃபோரம் அரங்கில், வடக்கு மனிடோபாவின் சின்ன லீக்கில் இறங்கினார்கள். 1984இல் சஸ்காச்சுவான் கனிஷ்ட லீக்கில் சேர்ந்து, 1993இல் சம்பியன் ஆனார்கள். 2022இல் இறுதிச் சுற்றில் தோற்றார்கள். அந்த ஜூனிலேயே ஊரின் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. 2023இல் மறுபடி இறுதிக்கு வந்து தோற்றார்கள். 2024இலும் அப்படித்தான். இன்றைக்கும் பிளேஓஃப் எனும் பருவ முடிவு ஆட்டங்களில் ரசிகர்கள் மூஸ் மானின் காலை ஐஸ்மேல் எறிகிறார்கள். (நம் கோடை ஒன்றுகூடலுக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை.)

அணிக்கு முதலாளி கிடையாது, ஊர்தான் சொந்தக்காரர். வெளியூரிலிருந்து வரும் 16 முதல் 20 வயதுப் பிள்ளைகளை ஊர்க் குடும்பங்கள் வீட்டில் வைத்துச் சோறு போடுகின்றன. நம் ஊரில் சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் எப்படி நடந்தன என்று நினைவிருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சம்பந்தம் கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்.

அந்த மாலைக்கு 80 கதிரை போட்டோம். 19 பேர் வந்தார்கள், அதில் நான்கு பேர் என் வீட்டார். 'கட்டாயம் வருவோம்' என்று வாட்ஸ்அப்பில் பெருவிரல் போட்டவர்கள் 41 பேர். மிஞ்சிய றோல்ஸை மூன்று நாள் சாப்பிட்டோம். ஆனாலும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று படங்கள் முடிந்த பிறகும் போகாமல் நின்று, லீச்சின் 87 கோலும் எத்தனை ஆட்டத்தில் என்று கேட்டது. 59. அந்தக் கேள்வியையும் சங்கத்தின் வரவில் சேர்க்குமாறு பொருளாளரைக் கேட்டேன். அவர் மறுத்துவிட்டார்.

வரவு செலவைப் பொருளாளர் அக்கா பிறகு வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் இரண்டும் ஏறக்குறையச் சமம். அந்த 'ஏறக்குறைய' எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும். வரலாற்று மாலைச் செலவில் ஒரு பகுதி என் கையிலிருந்து போனது. எவ்வளவென்று நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

சந்தா குடும்பத்துக்கு ஆண்டுக்கு 40 டொலர். 63இல் கட்டியவர்கள் 24. இரண்டு ஆண்டு நிலுவை வைத்துக்கொண்டே பொங்கல் மேடை ஒலி சரியில்லை என்று நீண்ட மின்னஞ்சல் அனுப்பியவர்களும் உண்டு. ஒலிபெருக்கி வாடகை சந்தாவிலிருந்துதான் போகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

தலைவர் ஐயாவுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், சமையல் குழுவுக்கும், மண்டபம் கூட்டிய இளையோருக்கும், வாகனம் தந்தவர்களுக்கும் நன்றி.

2027இல் பொம்பர்ஸுக்கு நூறு வயது. அந்தக் குளிர்காலத்தில் ஒரு வான் பிடித்து, பிள்ளைகளோடு போய் விட்னி ஃபோரத்தில் ஓர் ஆட்டம் பார்த்து வர எண்ணம். 14 பேர் போகலாம். சங்கக் காசில் அல்ல, ஆளுக்கு ஆள் பங்கு போட்டுத்தான். அதை நான் செயலாளராக நின்று செய்வேனா, சாதாரண அங்கத்தவனாகச் செய்வேனா என்பது இன்றைய தேர்தலைப் பொறுத்தது. இந்தப் பதவிக்கு வேறு யாராவது வர விரும்பினால் சந்தோசமாக விலகுவேன். மனுப் பத்திரம் வாசல் மேசையில் காலையிலிருந்தே இருக்கிறது, எடுத்தவர் இதுவரை யாருமில்லை. பக்கத்தில் பற்றுச்சீட்டுப் புத்தகமும் இருக்கிறது. தேநீர் குடிக்கப் போகும் வழிதான்.

செயலாளர்