பர்தோலியில் வென்றது கணக்கும்தான்

ஆசிரியருக்கு,

குஜராத்தின் பர்தோலி தாலுகாவில் நிலவரி உயர்வை எதிர்த்து நடந்த விவசாயிகள் போராட்டம் (1928) பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, வல்லபாய் படேலின் தலைமையையும் மக்களின் கட்டுப்பாட்டையும் நன்கு விவரித்தது. ஜப்தி அதிகாரிகளுக்கு அஞ்சி, எருமைகளை வீட்டுக்குள் கட்டி மாதக்கணக்கில் கதவைப் பூட்டி வைத்த உறுதி சாதாரணமானதல்ல. ஆனால் வரி உயர்வு எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. விவசாயிகளின் வழக்கே அதில்தான் இருக்கிறது. விவசாயியிடமிருந்து அரசு நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி முறையில், 30 ஆண்டுக்கு ஒருமுறை தீர்வையை (நிலவரியை) திருத்தி வந்தார்கள். பர்தோலியில் தீர்வையைத் திருத்த அமர்த்தப்பட்ட அதிகாரி ஜெயகர் சுமார் 30 விழுக்காடு உயர்வைப் பரிந்துரைத்தார். அவருக்கு மேலதிகாரியான ஆண்டர்சன், குத்தகைத் தொகைகளை மட்டுமே அடிப்படையாக வைத்து 29 என்றார். பம்பாய் அரசு 22 என முடித்தது. கோளாறு அந்தக் குத்தகைக் கணக்கில்தான். தாலுகாவின் பெரும்பகுதி நிலத்தை உடையவர்களே உழுதார்கள். ‘குத்தகை’ என்று பதிவான பலவும் அடமானக் கடனுக்கான வட்டி. போராட்டத்துக்குப் பின் அரசு அமைத்த புரூம்ஃபீல்டு–மேக்ஸ்வெல் விசாரணைக் குழு ஊர் ஊராக விசாரித்து, 1929இல் உயர்வைச் சுமார் 6 விழுக்காடாகக் குறைத்தது.

சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியிலும் இதே ரயத்துவாரி முறைதான் இருந்தது. நம் ஊர் ‘அ’ பதிவேட்டை (கிராம நிலப் பதிவேட்டை) புரட்டியவர்களுக்குத் தெரியும்: சர்வே எண், நஞ்சை புஞ்சை, தரம், தீர்வை என்று ஒவ்வொரு வயலுக்கும் தனிப் பதிவு இருக்கும். பள்ளி வரலாற்றுப் பாடத்தில் பர்தோலியை ஒரு பத்தியோடு முடிக்காமல், இப்படியொரு பதிவேட்டுப் பக்கத்தையும் அச்சிட்டு, 22 விழுக்காடு உயர்ந்தால் ஓர் ஏக்கருக்கு எவ்வளவு கூடும் என்று மாணவர்களையே கணக்குப் போடச் செய்யப் பாடநூல் குழு முன்வர வேண்டும்.