பழைய .22 ரைஃபிளும் தேர்தல் கால ஒப்படைப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் பர்மிங்காமில் பி.எஸ்.ஏ. நிறுவனம் செய்த .22 (0.22 அங்குலத் தோட்டா அளவு) ரைஃபிள் ஒன்று, அப்பாருவிடமிருந்து முறையான உரிமத்துடன் எனக்கு வந்தது. 1887-இல் அறிமுகமான அதன் சிறு தோட்டா தோளை உதைப்பதில்லை; ஆகவே சுடுதளத்தில் 50 மீட்டரில் குறி தவறினால், பிழை துப்பாக்கியுடையதன்று, என் மூச்சுடையது என்பது உடனே தெரிந்துவிடும். கட்டையில் அப்பாருவின் கன்னம் பட்டுத் தேய்ந்த இடம் இன்னும் வழவழப்பாக உள்ளது. (காட்டுப்பன்றிக்கு இது உதவாது, கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்.)

தேர்தலுக்குத் தேர்தல் இதைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சென்றமுறை திரும்பி வந்தபோது குழலுக்குள் துரு ஏறியிருந்தது. 2019 ஆயுதத் திருத்தச் சட்டம் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளே என வரையறுத்து, பரம்பரை ஆயுதங்களையும் அதில் சேர்த்துவிட்ட நிலையில், எஞ்சியிருப்பவற்றையாவது எண்ணெய் தடவி, ஈரமில்லாத அறையில் வைக்க ஏற்பாடு செய்யுமாறு காவல் துறையை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
கோபிசெட்டிபாளையம்